அடைமழைக் காலத்தில் புற்றுக்காளானை உலர்த்திச் சேமித்த முறை

திருநெல்வேலிச் சீமையில் நாம் வற்றல் போடும் கத்திரி, சீனியவரை, சுண்டை, மிதுக்கு எல்லாமே பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்துவிடுபவை. புற்றுக்காளான் அப்படியன்று. ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பின் முளைத்து, கார்த்திகை அடைமழையோடு முடிந்துவிடுவதால், அது கைக்குக் கிடைக்கும் நாள்களில் பெரும்பாலும் மொட்டைமாடியில் ஒரு மணி நேர வெயில்கூட நிலைப்பதில்லை. பறித்த மறுநாளே குடை தளர்ந்து, காம்பின் அடியிலிருந்து சிறு வெள்ளைப் புழுக்கள் ஏறத் தொடங்கும். ஆகவே ஒரே நாளில் மூன்று வீடுகளுக்குப் பங்கிட்டுத் தின்று தீர்ப்பதே வழக்கமாக இருந்து வந்தது. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் விளையில், அதாவது தோட்ட நிலத்தில், கிடைத்த காளானை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே உலர்த்தி ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள நான் கையாண்ட முறையை இங்கே எழுதுகிறேன். காளானை அடையாளம் காண்பதைப் பற்றியே பாதிக்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது. உலர்த்துவதில் தவறினால் காளான்தான் கெடும், அடையாளத்தில் தவறினால் ஆள் கெட்டுவிடுவார்.

பறிக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளைக்கு மேலே ஓடையைத் தாண்டினால் காப்புக்காடு. களக்காடு முண்டந்துறைப் பகுதி 1988ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் அதுவே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதியின்றிக் காட்டு விளைபொருள் எதையும் எடுத்து வரக் கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டிலேயே வாழும் மக்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது; கீழே ஊருக்குள் வீடு வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்ப் பறிக்கும் நமக்கு அந்த உரிமை கிடையாது. பட்டா நிலத்து வரப்புகளிலும் உடைமரங்களின் அடியிலும் பழைய புற்றுகளைச் சுற்றியும் வேண்டிய அளவு கிடைக்கும்போது மேலே ஏற வேண்டிய தேவையும் இல்லை. அந்த மாதங்களில் ஓடைப் பக்கம் கரடியும் பன்றியும் இறங்குவதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புற்றுக்காளானைப் புரிந்துகொள்ளக் கறையானின் வேளாண்மையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். ஒருவகைக் கறையான்கள் தாம் தின்ற சருகையும் மரத்தையும் முழுமையாகச் செரிக்க இயலாமல், அவற்றை மென்று வெளியேற்றி, புற்றின் அடியறைகளில் துளைகள் நிறைந்த அடைகளாகக் கட்டி வைக்கின்றன. அந்த அடைகளில் ஒரு பூஞ்சை வளர்ந்து கடினமான பொருளைக் கறையானுக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகிறது. புற்றை வெட்டிப் பார்த்தவர்கள் அடையின் மேல் குண்டூசித் தலையளவில் வெள்ளை மணிகள் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பார்கள். அவை அந்தப் பூஞ்சையுடையவை, கறையான்கள் அவற்றை உண்கின்றன. மழை பெய்து மண் நனைந்ததும் புற்றிலிருந்து ஈசல் பறக்கிறது. அதன் பின்னர் ஒரு கட்டத்தில் அடையிலிருந்து காளான் எழும்பி, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குடை விரிக்கிறது. இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டு 1942இல் வகைப்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஏம் (Roger Heim). தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு வகைக்கு 1979இல் நடராஜன் அவர் பெயராலேயே ஹெய்மியை என்று பெயர் சூட்டினார். எங்கள் விளையில் முளைப்பது அந்த விவரிப்போடு பொருந்துகிறது. கறையானின் துணையின்றி இதை வணிக அளவில் வளர்க்கும் முறை இன்னும் கைவரவில்லை. சந்தையில் சிப்பிக்காளானும் பால்காளானும் பொட்டலத்தில் கிடைக்க, புற்றுக்காளான் மட்டும் மழையோடு வந்து மழையோடு போவது இதனால்தான்.

அடையாளத்தின் முதன்மையான பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே புதிய இடத்தில் முளைத்த காளானை ஒருபோதும் தரைமட்டத்தில் ஒடித்தோ இழுத்தோ எடுக்கக் கூடாது. களைக்கொத்தியால் காம்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை நெகிழ்த்தி, விரலாலேயே தோண்டிக்கொண்டு போனால், காம்பு தரைக்குக் கீழே சற்றுப் பருத்து, பிறகு மெல்ல மெல்லக் குறுகி, வெண்மை குன்றிப் பழுப்பேறி, வேராக இறங்குவது தெரியும். எங்கள் மண்ணில் அது ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரை போகிறது. அதன் முனை புற்றின் அறையில், அடையின் மேல் போய் முடிகிறது. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் கறையான்கள் ஓடுவதையும் பெரும்பாலும் காணலாம். பக்கத்து விளையில் களையெடுக்க வரும் ஆச்சி ஒருவர் இந்த ஒரு குறியைத்தான் எனக்குச் சொல்லித் தந்தார்: “வேரு புத்துக்குள்ள இறங்கலேன்னா தொட்டுறாதய்யா.” நான் அவர் சொன்னதோடு இன்னும் சில குறிகளைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் ஒரு காளானை மட்டும் அடிவரை தோண்டிப் பார்த்தால் போதும். மற்றவற்றை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கத்தியால் அறுத்துக்கொள்ளலாம். அடையைக் கிளறி எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் எதிர்பார்க்க எதுவும் இருக்காது.

வேரைத் தவிரப் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, குடையின் உச்சியில் இருக்கும் கூர்மையான முகடு. குடை விரியாத நிலையில் அது மண்ணைத் துளைக்கும் முனையாக இருந்தது. விரிந்த பின்னும் நடுவில் சாம்பலும் காவியும் கலந்த நிறத்தில், தொட்டால் உறுதியாகத் தெரியும் குமிழாக நிற்கும். இரண்டாவது, குடையின் அடியில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் செவுள்கள். இவை இளமையில் வெள்ளையாக இருந்து, முதிரும்போது மிக மங்கிய இளஞ்சிவப்புச் சாயை பெறும். காம்பைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். ஒரு குடையை நெடுக்காக இரண்டாக அறுத்துப் பார்த்தால் காம்புக்கும் செவுளுக்கும் இடையில் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். மூன்றாவது, காம்பை நார்நாராகக் கிழிக்க முடியும். உள்ளே பொள்ளலின்றி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். நான்காவது, காம்பின் அடியில் பை போன்ற உறை எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வகைக்குக் காம்பின் மேற்பகுதியில் தடித்த வெள்ளை வளையம் உண்டு, அது காம்போடு ஒட்டி நிற்கும். வளையம் இருப்பதால்தான் எனக்கு இத்தனை கவனம் தேவைப்படுகிறது, ஏனென்றால் மிகக் கொடிய நச்சுக்காளான்கள் சிலவற்றுக்கும் வளையம் உண்டு.

வளையமுள்ள நச்சுக்காளான்களுள் இரண்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, மழைக்குப் பின் புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் பெரிது பெரிதாக, வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்களோடு முளைக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். பார்ப்பதற்கு மிக நன்றாக இருக்கும். இளமையில் அதன் செவுளும் வெள்ளைதான். முதிர்ந்த பிறகே செவுள் பச்சையாகும், அதன் வளையத்தைக் காம்பில் மேலும் கீழும் நகர்த்த முடியும். தின்ற சில மணி நேரத்திலேயே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெப்ப நாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இது. மற்றொன்று அமானிட்டா இனம். அதன் கொடிய வகைகளுக்குக் காம்பின் அடியில் மண்ணுக்குள் மறைந்தபடி ஒரு வெள்ளை உறை இருக்கும். தரைமட்டத்தில் ஒடித்துவிட்டால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிட, உயிரைக் காக்கும் முக்கியமான அடையாளம் கைக்கு வராமலே போகும். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு நாள் வரைகூட ஒன்றும் தெரியாமலிருந்து, பிறகு வாந்தியும் போக்கும் வந்து, நடுவில் குணமானதுபோல் தோன்றி, அதன் பின் கல்லீரல் செயலிழக்கும்.

எனவே வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன், செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் பதிவு எடுத்துக்கொள்கிறேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பாதி வெள்ளைத் தாளும் பாதி கறுப்புத் தாளும் ஒட்டிய அட்டையின் மேல், விரிந்த குடை ஒன்றைக் காம்பு நீக்கிச் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் செவுள்களின் ஆரக்கோடுகள் தூளாக அட்டையில் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் மங்கிய இளஞ்சிவப்பு. கறுப்புத் தாளில் வெள்ளையைப் போல ஏமாற்றும், வெள்ளைத் தாளில்தான் அதன் சாயை புலப்படும். அமானிட்டாவின் தூள் வெள்ளை, குளோரோபில்லத்தின் தூள் மங்கிய பச்சை. ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விழுந்துவிட்டது என்பதை மட்டும் நம்பியும் அடுப்பில் ஏற்றக் கூடாது. என்டோலோமா என்னும் இனத்தின் தூளும் இளஞ்சிவப்புதான், அதில் நச்சு வகைகள் உண்டு. அதற்குச் செவுள் காம்போடு ஒட்டியிருக்கும், புற்று வரை இறங்கும் வேர் இருக்காது. வேர், முகடு, காம்பைத் தொடாத செவுள், உறையில்லாத அடி, இளஞ்சிவப்புத் தூள் ஆகிய எல்லாம் ஒரே காளானில் சேர்ந்து அமைந்தால் மட்டுமே எங்கள் வீட்டில் சமைக்கிறோம். ஒன்று குறைந்தாலும் அது தென்னைக்கு உரம்.

ஓரிரவு காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் சொல்லும் சோதனைகள் பல உண்டு. காளானோடு வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், சோற்றுப் பருக்கை சிவக்கும், புழு தின்றதை மனிதனும் தின்னலாம், மாடு மேய்ந்தால் பயமில்லை என்பவையெல்லாம் நானும் கேட்டு வளர்ந்தவைதான். இவற்றில் ஒன்றுக்கும் அடிப்படை இல்லை. அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைப்பதில்லை. புழுக்கள் அதையும் தின்று கொழுக்கும். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. ஆச்சி சொன்ன வேர்க்குறியை ஏற்றதும் தோண்டிப் பார்த்த பிறகுதான்.

புற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விரல் நகமளவே முளைக்கும் பொடிக்காளான் ஒன்றும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கறையான்கள் அடையின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து மண்ணில் பரப்பிவிடுவதால் அது மேல்மண்ணிலேயே முளைக்கிறது; நீண்ட வேர்க்குறி அதற்குப் பொருந்தாது. சுவை மிக நன்று என்றாலும், மண்ணை நீக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும், உலர்த்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதைச் சேமிக்க நான் முயல்வதில்லை.

பறிப்பதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை, குடை பாதி விரிந்த நிலை. நெகிழிப் பையில் போட்டால் தன் ஈரத்திலேயே புழுங்கிவிடும் என்பதால் பனையோலைப் பெட்டியில், குடை மேலே இருக்கும்படி ஒற்றை அடுக்காக வைத்து எடுத்து வருகிறேன். காம்பின் அடி மண்ணை அந்த இடத்திலேயே அறுத்து நீக்கிவிட்டால் பெட்டிக்குள் மண் உதிர்ந்து செவுளில் புகாது. வீட்டில் வாளித் தண்ணீரில் அமிழ்த்துவது கூடாது. செவுள்கள் நீரைக் குடித்துக்கொண்டால் உலர்த்தும் நேரம் இரட்டிப்பாகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் குடையைத் துடைத்தால் போதுமானது. உலர்த்தாமல் சமைக்க வேண்டியவற்றை மட்டும் கழுவிக்கொள்ளலாம்.

இனி உலர்த்தும் பெட்டி. வெயிலை நம்பியும், அடுப்பு மேட்டின் மேல் சுளகில் பரப்பி வைத்தும் பார்த்தால், மழைக்காலத்துக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் மேற்புறம் மட்டும் வறண்டு உள்ளே பிசுபிசுப்பு நின்று, மூன்றாம் நாள் கறுப்புப் பூஞ்சணம் பூக்கும். தேவைப்படுவது அதிக வெப்பமன்று. மிதமான வெப்பமும் இடைவிடாத காற்றோட்டமும்தான். வீட்டில் பயனின்றிக் கிடந்த, மூன்றடி உயரமும் ஒன்றரையடி அகலமும் உள்ள ஒரு மர அலமாரியை எடுத்துக்கொண்டேன். அடிப்பலகையில் நூறு வாட் குண்டு பல்பு இரண்டைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, அவற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சாறோ துண்டோ பல்பின் மீது விழாதபடி ஒரு தகரத் தடுப்பை வைத்தேன். பின்பலகையின் கீழ்ப்பகுதியில் காற்று நுழைய இரண்டங்குல ஓட்டைகள் நான்கு. மேற்பலகையில் பழைய கணினியிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் விசிறி, ஈரக்காற்றை வெளியே தள்ளும்படி. ஓட்டைகளுக்கு எறும்பும் ஈயும் புகாமல் கம்பி வலை அடித்தேன். தட்டுகளுக்கு ரீப்பர் கட்டையில் சட்டம் செய்து, துருப்பிடிக்காத எஃகு வலையை இழுத்து ஆணியடித்தேன். கொசுவலைத் துணியும் உதவும். ஆனால் காளான் சாறு ஊறி அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. மின்இணைப்பை மட்டும் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கொண்டு செய்துகொள்வது நல்லது. ஈரக்காற்று ஓடும் பெட்டிக்குள் திறந்த ஒயர் இருக்கக் கூடாது.

காளானைக் குடை வேறு, காம்பு வேறாகப் பிரித்து, குடையை அரை சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் நறுக்கி, ஒன்றோடொன்று தொடாமல் தட்டுகளில் பரப்புகிறேன். காம்பைக் கத்தி படாமல் கையாலேயே நாராகக் கிழித்தால் விரைவில் காய்கிறது. முதல் இரண்டு மணி நேரம் ஒரு பல்பு மட்டும் எரிந்தால் கீழ்த்தட்டில் 40 டிகிரி அளவில் நிற்கும். அதன் பின் இரண்டையும் போட்டு 50 முதல் 55 டிகிரி வரை ஏற்றுகிறேன். தொடக்கத்திலேயே வெப்பத்தை ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளீரம் வெளியேறாமல் அடைபடும். 60ஐத் தாண்டினால் காளான் வெந்து பழுப்பாகிவிடும். மேல்தட்டு எப்போதும் கீழ்த்தட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருப்பதால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட்டுக்கு உள்ளாகவே மின்சாரம் செலவாகும். இடையில் மின்தடை வந்தால் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். மூடிய பெட்டிக்குள் விசிறி நின்ற நிலையில் ஈரக்காற்று தங்கினால் கீழ்த்தட்டின் துண்டுகள் புளித்த வாடை பிடிக்கும்.

துண்டை வளைத்தால் தோல்போல் மடங்காமல் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். ஒரு கிலோ காளான் ஏறத்தாழ நூறு கிராமாகச் சுருங்கும், ஏனெனில் அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். சூடு ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவே இட்டு, இறுக மூடி, நாள்தோறும் ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறேன். ஒரு வாரத்துக்குள் பாட்டிலின் உட்புறத்தில் ஆவி படிந்தாலோ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, மறுபடியும் பெட்டிக்குப் போக வேண்டியதுதான். அப்படி எதுவும் இல்லையென்றால் பாட்டிலோடு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்துவிட்டால் பூச்சி முட்டைகள் அழிந்துவிடும். பிறகு வெளிச்சம் படாத அலமாரியில் அடுத்த ஐப்பசி வரை நிற்கிறது. பாட்டிலின் மேல் பறித்த தேதியையும் எந்தப் புற்றில் பறித்தது என்பதையும் எழுதி ஒட்டிவிடுவேன்.

ஊறுகாயாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணெய் மிதக்க ஊற்றி மாதக்கணக்கில் வெளியே வைக்கும் மாங்காய் முறையைக் காளானுக்குப் பின்பற்றக் கூடாது. மாங்காயில் இயல்பாகவே புளிப்பு இருக்கிறது; காளானில் இல்லை. புளிப்பில்லாத பொருளை எண்ணெயால் மூடிக் காற்றை அடைத்தால் பாட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர வசதி செய்து கொடுத்ததாகும். அதற்கு வாடையோ நிறமாற்றமோ தெரிய வேண்டும் என்பதில்லை. ஊறுகாய் வேண்டுமென்றால் உப்பு நீரில் நன்றாக வேகவைத்து, வினிகரும் புளியங்குடி எலுமிச்சைச் சாறும் மூழ்க ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மோர் வற்றல் முறையும் மழைக்காலத்துக்கு உதவாது. மோர் ஊறிய துண்டு காய்வதற்குள் புளித்துப் பிசினாகிவிடுகிறது.

உலர்ந்த துண்டுகளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் மீண்டும் சதைப்பற்றாகின்றன. அடியில் நுண்மணல் தங்கும் என்பதால் ஊறிய நீரைத் துணியில் வடிகட்டிக் குழம்பிலேயே சேர்த்துவிடலாம். மணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து நல்லெண்ணெயில் சுருள வதக்குவது எனக்கு உகந்தது. வீட்டில் வத்தக்குழம்பில் சுண்டவற்றலுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். காம்பு நார்கள் ஊறினாலும் சற்று ரப்பராகவே இருப்பதால் அவற்றை மிக்ஸியில் பொடித்து வைத்து, சொதியை இறக்கும்போது ஒரு தேக்கரண்டி தூவுகிறோம். முதல் முறை தின்பவர் சிறிதளவே தின்ன வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது. ஒவ்வொரு பறிப்பிலும் சமைக்காத ஒரு முழுக்காளானை, வேரோடு, தாள் உறையில் வைத்துக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பது எங்கள் வழக்கம். யாருக்காவது வயிற்றில் ஒரு மாற்றம் தெரிந்தால் கஷாயம் போட்டுக்கொண்டு காத்திராமல், அந்த உறையையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து, பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.

பெட்டியில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இரவில் எழுந்து வெப்பமானியைப் பார்த்துப் பல்பை அணைக்கும் தொல்லை நீங்க, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில் வைக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதன் உணர்முனையை நடுத்தட்டின் ஓரத்தில், பல்பின் நேர் வெப்பம் படாத இடத்தில் பொருத்திவிட்டால், அடுத்த மழைக்குப் பெட்டி ஆயத்தமாகிவிடும்.